பத்தியம் முறித்தவள்

என் மாமனாரின் சளிக் கஷாயம் ஒருமுறைகூடத் தோற்றதில்லை. அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், ஊரார் சொல்லிக் கேட்டிருக்கிறேன், புதுப்பெண்ணாக இருந்தபோது என் பிறந்த வீட்டில் நானே பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். அது எப்படித் தோற்காமல் இருந்தது என்பது பிடிபடத்தான் எனக்குக் கொஞ்ச காலம் ஆயிற்று.

நான் தம்மம்பட்டிப் பக்கத்துப் பெண். ஐம்பதுகள் முடிகிற சமயத்தில் நாமகிரிப்பேட்டைக்கு அருகே ஒரு சிற்றூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். தூரம் அதிகமில்லை. ஆனால் பேச்சு மாறிவிடும். நான் ‘வீடு’ என்றால் அங்கே சின்னக் குழந்தைகள்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். அவர்களுக்கு அது ‘ஊடு’. பேச்சுக்குப் பேச்சு ‘ங்க’ போடாததால் மரியாதை தெரியாத பெண் என்று முதல் மாதமே என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். மாமனார், மாமியார், என் கணவர், நான் என்று வீட்டில் நாங்கள் நாலு பேர்தான். மாடுகளைச் சேர்த்தால் கூட்டம் வரும்.

மாமனார் வைத்தியர் இல்லை. மஞ்சளும் கடலைக்காயும் போடுகிற விவசாயி. கஷாயம் அவருக்குத் தொழிலும் இல்லை, அதற்காக யாரிடமும் காலணா வாங்கியதும் இல்லை. சளி, இருமல், குளிர்ஜுரம் என்று யார் வந்தாலும் ஒரு சொம்பு கொடுத்து அனுப்புவார். வேலியோரத்து ஆடாதோடை இலை, முள் பார்க்காமல் பறித்த தூதுவளை, கண்டங்கத்திரி வேர், சுக்கு, கொல்லிமலையிலிருந்து வரும் மிளகு, திப்பிலி. எல்லாவற்றையும் தட்டிப் போட்டு, எட்டுப் பங்கு தண்ணீர் ஒரு பங்காகச் சுண்டும்வரை அடுப்பில் வைத்து, கடைசியில் பனங்கருப்பட்டி சேர்த்து இறக்குவார். கருப்பட்டி சேர்த்ததால் அது இனிக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. முதல் மடக்கில் நாக்கு சுருண்டுகொள்ளும். இரண்டாவது மடக்கில் கண்ணில் நீர் வரும். மூன்றாவது மடக்கில், சளி இருக்கிறதோ இல்லையோ, இல்லை என்று சொல்லத் தோன்றும்.

கஷாயத்தைவிடப் பெரியது அதன் பத்தியம். புளி கூடாது. தயிர், மோர் கூடாது. நல்லெண்ணெய் கூடாது. கத்தரிக்காய், பூசணிக்காய், கொய்யாப்பழம், வாழைப்பழம் கூடாது. பச்சைத் தண்ணீர் கூடாது, தலைக்கு ஊற்றிக்கொள்ளக் கூடாது. கடலைக்காயைக் கண்ணாலும் பார்க்கக் கூடாது. எங்கள் ஊரில் கார்த்திகை மாதத்தில் கடலைக்காயைக் கண்ணால் பார்க்காமல் இருக்க வேண்டுமானால் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

கஷாயம் குடித்தவர்களில் பெரும்பாலோர் ஒரு வாரம் பத்து நாளில் எழுந்து நடமாடினார்கள். அது கஷாயத்தால். சிலருக்கு இருமல் விடாது. அவர்கள் திரும்பி வருவார்கள். மாமனார் அவர்களை எதிரே உட்காரவைத்துக் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

“என்ன தின்ன?”

“ஒண்ணும் திங்கலீங்க.”

“நல்லா யோசன பண்ணிச் சொல்லு சாமி.”

வந்தவர் யோசிப்பார். அந்தப் பத்தியப் பட்டியலை வைத்துக்கொண்டு யோசித்தால் முனிவருக்கும் ஒரு குற்றம் அகப்படும். “போன சந்தைக்குப் போனப்ப நாக்கு வறண்டுபோச்சுன்னு ஒரு வாய் மோர்...” என்று இழுப்பார். “அதான பாத்தேன்” என்பார் மாமனார். வந்தவருக்கும் நிம்மதி, மாமனாருக்கும் நிம்மதி. மறுபடி ஒரு சொம்பு கஷாயம். வந்தவர் பிழையைத் தன் மேல் போட்டுக்கொண்டு ஊர் போய்ச் சேருவார்.

ஆக, குணமானவர்கள் கஷாயத்தால் குணமானார்கள். குணமாகாதவர்கள் பத்தியம் முறித்தார்கள். மூன்றாவது வகை மனிதர் எங்கள் ஊரில் கிடையாது. நான் வரும்வரை.

நான் வந்து இரண்டாவது ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஊர் முழுக்கக் குளிர்ஜுரம். பால் கறக்க ஆளில்லாமல் மாடுகள் கத்தின. எங்கள் வீட்டில் மாமனார் தவிர மூன்று பேரும் படுத்துவிட்டோம். அவர் ஒருவரே இலை பறித்து, தட்டி, காய்ச்சி எங்களுக்கும் ஊருக்கும் ஊற்றினார். இதில் நான் குறை சொல்ல மாட்டேன். கொதிக்கக் கொதிக்க அதைக் குடித்தால் தொண்டை இளகும், மூக்கு திறக்கும், அன்று ராத்திரி தூக்கம் வரும். உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல் கிடக்கிறவளுக்கு அதுவே பெரிய விஷயம். மாமியார் எழுந்தார். என் கணவர் எழுந்தார். எனக்கும் ஜுரம் விட்டது. இருமல் மட்டும் தங்கிவிட்டது.

மாமனார் இரண்டாம் முறை காய்ச்சினார். எனக்கு ஒரு குணம் உண்டு. யாராவது என்னைச் சந்தேகமாகப் பார்த்தால் வீம்பு வந்துவிடும். அவர் பார்வையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. பத்தியத்தை அட்சரம் பிசகாமல் பிடித்தேன். மிளகு ரசத்தில் புளி இல்லை, சோற்றில் எண்ணெய் இல்லை, வெந்நீர் தவிர வேறு தண்ணீர் இல்லை. கஞ்சியும் சுட்ட அப்பளமுமாக வாழ்ந்தேன். ரவிக்கை தொளதொளத்தது. சாயங்காலமானால் கணகணவென்று உடம்பு காய்ந்தது. இருமல் மட்டும் தன் பாட்டுக்கு இருமிக்கொண்டிருந்தது.

மூன்றாம் முறை காய்ச்சியபோது மாமனார் என்னை எதிரே நிறுத்தினார்.

“அம்மிணி, என்ன தின்ன?”

“ஒண்ணும் திங்கலை மாமா.”

“நல்லா யோசன பண்ணிச் சொல்லு சாமி.”

நான் யோசிக்கவே இல்லை. “திங்கலைன்னா திங்கலைதான்” என்றேன். மருமகள் மாமனாருக்குச் சொல்லக்கூடிய பதிலா அது? ‘ங்க’வும் இல்லை. மாமியார் அடுப்பிலிருந்து திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். கோபமாகத் தெரியவில்லை. வேறு என்னவாகவும் அப்போது எனக்குத் தெரியவில்லை. மாமியார் அதிகம் பேசாதவர். ஒரு நாளில் அவர் பேசுவதை எண்ணிக்கூடச் சொல்லிவிடலாம்.

அதற்கு அடுத்த வாரம் கடலைக்காய் பிடுங்கினார்கள். வாசல் முழுக்கக் காய்ந்தது. மாடு தின்றது, கோழி தின்றது, ஆள்காரர்கள் தின்றார்கள். என் கணவர் மடியில் கட்டிக்கொண்டு வந்து ராத்திரி படுக்கப்போகும் முன் உடைத்து உடைத்துத் தின்றுவிட்டு, தொட்டியை, அதாவது கடலைக்காய்த் தோலை, சன்னல் வழியாக வெளியே போடுவார். அவர் மென்று தின்பதைப் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டே நான் வெந்நீர் குடிப்பேன். அப்போதும் நான் அவரைச் சபிக்கவில்லை; ஒரு கணவனுக்கு இதைவிட நீண்ட ஆயுள் வேண்டியவள் பூமியில் இருந்திருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன்.

ஒரு காலையில் மாமனார் அந்தத் தொட்டியை ஒரு முறத்தில் அள்ளிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். “இது உங்க சன்னலுக்குக் கீழ கெடந்துச்சு அம்மிணி” என்றார். குரலை உயர்த்தவே இல்லை. வருத்தமாகத்தான் சொன்னார். என் கணவர் பக்கத்தில் நின்றுகொண்டு, அதுவரை பார்த்தே இராதவர்போல் மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவிடம் அவருக்கு அவ்வளவு பயம். மாமனார் முன்னால் புருஷனைக் காட்டிக்கொடுக்கவும் எனக்கு வாய் வரவில்லை. வேறு ஒன்று வந்தது.

“முனியப்பன் கோயில்ல கற்பூரம் அடிக்கிறேன்” என்றேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் வரப்புத் தகராறு, காணாமல்போன ஆடு என்று சாட்சியில்லாத வழக்குகள் கடைசியில் முனியப்பனிடம்தான் போகும். குற்றம் சாட்டப்பட்டவர் குளித்து, ஈரத்துணியோடு அவர் முன்னால் நின்று, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். பொய்ச் சத்தியம் என்றால் அடுத்த அமாவாசைக்குள் முனியப்பன் காட்டிவிடுவார். அதனால் பாதிப்பேர் கோயில் வாசலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவார்கள். ஆனால் ஒரு பெண் கடலைக்காய் தின்றாளா இல்லையா என்பதற்காக முனியப்பனை எழுப்புவது ஊரில் அதுதான் முதல் தடவை.

மாமனார் மறுக்கவில்லை. சாட்சி என்றால் அவருக்கு மரியாதை உண்டு. ஆனால் ஒரு சிக்கல் வந்தது. சத்தியத்துக்குத் தலைக்குக் குளிக்க வேண்டும். தலைக்குக் குளித்தால் பத்தியம் முறியும். முறிந்தால் எதற்குச் சத்தியம்? அன்று பூராவும் யோசித்துவிட்டு அவர் தீர்ப்புச் சொன்னார். “சாமி காரியத்துக்குக் குளிக்கறது பத்தியத்துல சேராது.”

கோயிலுக்குக் கிளம்பும்போது என் கணவருக்கு வீரம் வந்தது. “அப்பா, அந்தத் தொட்டி நான் தின்னு போட்டதுங்க” என்றார், செருப்பைப் பார்த்துக்கொண்டு. மாமனார் நின்றார். கொஞ்சம் யோசித்தார். “நீ தின்னது சரி. அவ திங்கலேங்கறதுக்கு அது எப்படிச் சாட்சியாகும்?” என்றார். வக்கீலுக்குப் படிக்க வைத்திருந்தால் சேலம் கோர்ட்டில் அவரை ஜெயிக்க ஆள் இருந்திருக்காது.

முனியப்பன் பனைமரங்களுக்கு நடுவே, மீசையும் அரிவாளுமாக உட்கார்ந்திருந்தார். ஊரில் வேலையில்லாதவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். வேலையிருந்தவர்களும் வந்திருந்தார்கள். மார்கழி பிறக்கப்போகிற காற்று. ஈரச் சேலை உடம்போடு ஒட்டிக்கொண்டு பல் கிட்டியது. பூசாரி கற்பூரத்தை ஏற்றினார். நான் குனிந்தேன், இருமல் வந்தது, கற்பூரம் அணைந்துவிட்டது.

வாயால் அணைத்தது சத்தியமாகுமா ஆகாதா என்று கூட்டத்தில் பேச்சு எழுந்தது. ஆகாது, கையால்தான் அடிக்க வேண்டும் என்றார் பூசாரி. போன மாதம் அவரும் எங்கள் வீட்டுக் கஷாயம் குடித்தவர்தான். மறுபடி ஏற்றினார். இந்த முறை நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, ஓங்கி அடித்தேன். உள்ளங்கை கொப்பளித்துப்போனது. “பத்தியத்துக்கு ஆகாத ஒண்ணும் இந்த வாயில படலை. பட்டிருந்தா இந்த இருமலே என்னைக் கொண்டுபோகட்டும்” என்றேன். பூசாரி சொல்லிக்கொடுத்தது முதல் பாதிதான். இரண்டாம் பாதி என் வீம்பு.

வீட்டுக்கு வந்து சேலை மாற்றும்போதுதான் நான் சொன்னது என்ன என்று எனக்கே உறைத்தது. ஆரோக்கியமாக இருப்பவர்கள் சத்தியம் செய்தால் அமாவாசைவரை தடுக்கி விழாமல் இருந்தால் போதும். நானோ இருமிக்கொண்டிருக்கிறவள். இருமல் நின்றால் நான் யோக்கியம். இருமல் முற்றினால் நான் பொய் சொன்னவள். என் நெஞ்சுச் சளியை நானே கொண்டுபோய் முனியப்பன் கையில் சாட்சியாகக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

அதன்பிறகு ஊரே என் இருமலைக் கேட்டது. தண்ணீர் எடுக்கப் போனால் குடத்தை வைத்துவிட்டுக் காது கொடுப்பார்கள். “இன்னிக்குத் தேவலாமாட்ட இருக்குதுங்களா?” என்று விசாரிப்பார்கள். தேவலாம் என்றால் முகம் கொஞ்சம் வாடும். நான் இருமல் வரும்போதெல்லாம் கொல்லைப் பக்கம் ஓடினேன். தலையணையில் வாயைப் புதைத்தேன். பகலெல்லாம் அடக்கிவைத்த இருமலை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பதே என் முழுநேர வேலையாக இருந்தது.

அமாவாசைக்குச் சில நாள் இருக்கும்போது, விடிந்தும் விடியாமல், மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் துப்பியதில் சிவப்பைப் பார்த்தேன். வெற்றிலை போடும் பழக்கம் எனக்கில்லை.

பயந்துவிட்டேன். சாவைப் பற்றிய பயம் அதில் பாதிதான். மீதிப் பயத்தைச் சொன்னால் இன்றைக்கு யாருக்கும் விளங்காது. ரத்தத்தைச் சொன்னால் நான் பொய்ச் சத்தியம் செய்தவள். சொல்லாவிட்டால் அமாவாசை தாண்டும்வரை எப்படியாவது ஒளித்துவிடலாம், நான் யோக்கியமாகிவிடுவேன். அதற்குப் பிறகு செத்தாலும் பரவாயில்லை என்றுகூடத் தோன்றியது. அந்த வயதில், அந்த வீட்டில், தின்னாத கடலைக்காயைத் தின்றேன் என்று பெயர் எடுப்பதைவிடச் சாவது எனக்கு லேசாக இருந்தது. இப்போது நினைத்தால் எனக்கே என்னை அறையத் தோன்றுகிறது.

காலால் மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டிருந்தபோது பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. சாணிக்கூடையோடு மாமியார். எத்தனை நேரமாக நின்றாரோ. அவர் கூடையை இறக்கிவைத்தார். குனிந்து, நான் மூடிய மண்ணைக் கையால் விலக்கிப் பார்த்தார். பிறகு உள்ளே போனார். என் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன்.

“புள்ளைய சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகோணுமுங்க” என்றார் மாமியார். மாமனார் பல் குச்சியோடு நிமிர்ந்து பார்த்தார்.

“என்னாச்சு?”

“ரத்தமா துப்பறா.”

மாமனார் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் பரிதாபப்பட்டார். “முனியப்பன் காட்டிட்டான்” என்றார் மெதுவாக. “அமாவாச கழியட்டும். அப்பறம் ஒரு கெடா வெட்டி மன்னிப்புக் கேட்டுக்கலாம்.”

“இன்னிக்கே போகோணுமுங்க.”

“அமாவாச...”

“நீங்க வரலீன்னா நானே கூட்டிட்டுப் போறேன்.”

மாமியார் அதுவரை நாமகிரிப்பேட்டைச் சந்தைக்கு அப்பால் தனியாகப் போனதில்லை. சேலம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் சூரியனைப் பார்த்துத்தான் சொல்வார். ஆனால் அதற்குள் சேலை மாற்றிக்கொண்டு, ஒரு தூக்குப்போசியில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார். இவரைத் தனியே விட்டால் இரண்டு பொம்பளைகளும் திருச்சி போய் இறங்குவார்கள் என்று மாமனாருக்குத் தோன்றியிருக்க வேண்டும். மேல்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். என் கணவர் பஸ் நிற்கும் இடம்வரை வந்தார். மாட்டைப் பார்க்க ஆள் வேண்டும் என்று அவரை நிறுத்திவிட்டார்கள். பஸ் கிளம்பும்போது அவர் அழுதார். இந்த முறை எந்தப் பக்கமும் திரும்பிக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டர். நெஞ்சிலும் முதுகிலும் வைத்துப் பார்த்தார், எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார். மத்தியானத்துக்கு மேல் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்காட்டி, “டி.பி.” என்றார். சயரோகம் என்று விளக்கியும் சொன்னார். ஊசியும் மாத்திரையும் இருக்கிறது, நாளாகும், நடுவில் நிறுத்தாமல் போட்டால் குணமாகிவிடும் என்றார்.

மாமனார் கைகட்டி நின்றபடி, தான் கொடுத்த கஷாயத்தில் என்னென்ன சேர்த்தார் என்று ஒன்று விடாமல் சொன்னார். டாக்டர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. “சளிக்கு இதமா இருக்கும் ஐயா. எங்க வீட்லயும் அம்மா வச்சுத் தருவாங்க. ஆனா இது சளி இல்லை” என்றார். பிறகு, எல்லாரிடமும் கேட்கும் கேள்வி போலிருக்கிறது, “இதுக்கு முன்னாடி உங்க வீட்ல யாருக்காவது இப்படி நாள்பட்ட இருமல் இருந்துச்சா?” என்று கேட்டார்.

“இல்லீங்க” என்றார் மாமனார்.

“என்ற மவளுக்கு இருந்துச்சுங்க” என்றார் மாமியார், கதவோரத்திலிருந்து.

அந்த வீட்டில் ஒரு பெண் இருந்து, கல்யாணத்துக்கு முன்னாலேயே இறந்துபோனாள் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். ஜுரத்தில் போனாள் என்றார்கள். அவள் பேச்சை அங்கே யாரும் எடுப்பதில்லை. கேட்கக் கூடாத விஷயம் என்று நானும் விட்டிருந்தேன். டாக்டர் கேட்கக் கேட்க மாமியார் சொன்னார். மழைக்காலத்துச் சளி. விடாத இருமல். சாயங்காலக் காய்ச்சல். வளையல் கழன்று விழும் அளவுக்கு மெலிந்தது. கடைசியில் ரத்தம். அவர் அத்தனை பேசி நான் கேட்டது அன்றுதான்.

“அவ பத்தியத்த முறிச்சுட்டாளுங்க” என்றார் மாமனார். அதுதான் காரணம் என்பதுபோல, டாக்டருக்கு உதவியாகச் சொன்னார். “தெரியாமத் தயிர் தின்னுட்டா. கேட்டா இல்லேன்னே சாதிச்சுட்டா.”

“தயிருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை ஐயா.”

“கடலக்காய்க்கு?”

“எதுக்கும் இல்லை. இது கிருமியால வர்றது. தயிர், பால், முட்டை, கடலைக்காய் எல்லாம் நல்லாச் சாப்பிடணும். இந்த வியாதியில பட்டினி போட்டாத்தான் சீக்கிரம் கெட்டுப்போகும்.”

மாமனார் தலையை ஆட்டினார். புரிந்தது என்பதற்கா, வேண்டாம் என்பதற்கா என்று தெரியவில்லை.

எனக்கு அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மாதக்கணக்கில் ஊசி போட்டுக்கொண்டேன். எனக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர். மாமியார் தினமும் முட்டையும் பாலும் என் தொண்டையில் இறங்கும்வரை எதிரே நின்றார். தயிரைக் கிண்ணம் கிண்ணமாகத் தின்றேன். என் கணவர் கடலைக்காயை உடைத்து உடைத்துக் கையில் கொடுத்தார். அதுதான் அவர் கேட்ட மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன், முழுதாக மன்னித்தேன் என்று சொல்ல மாட்டேன். உடம்பு தேறியது. அமாவாசை வந்தது, போனது. முனியப்பன் என் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டார் என்று ஊரில் பாதிப்பேர் சொன்னார்கள். முனியப்பன் சரியாகத்தான் காட்டினார், இங்கிலீஷ் மருந்து குறுக்கே விழுந்து கெடுத்துவிட்டது என்று மீதிப்பேர் சொன்னார்கள். இரண்டு கட்சியும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

கஷாயமும் நிற்கவில்லை. சளி பிடித்தால் நானும் குடித்தேன், இன்றைக்கும் வைத்துக் குடிக்கிறேன். தொண்டை இளகுகிறது, மூக்கு திறக்கிறது, தூக்கம் வருகிறது. அதற்குச் சாட்சி கேட்டால் நான் வருவேன். அதற்கு மேல் அது எதுவும் செய்வதாக என்னிடம் சாட்சி இல்லை. குடித்தும் இருமல் விடாமல் திரும்பி வந்தவர்களை மாமனார் அதன்பிறகு உட்காரவைத்துக் கேள்வி கேட்கவில்லை. சிலர் பழக்கதோஷத்தில் தாங்களாகவே, “ஒரு வாய் மோர் குடிச்சுட்டனுங்க” என்று ஆரம்பிப்பார்கள். “மோரு கெடக்குது. சேலத்துக்குப் போ” என்பார்.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பஸ் பயணத்தைத்தான் இன்னும் சொல்லவில்லை. பொழுது சாயும் நேரம். மாமியாரும் நானும் ஒரு சீட்டில். முன்சீட்டில் மாமனார். டிக்கெட் கேட்ட கண்டக்டரிடம் காசை நீட்டியதோடு சரி. மாமியார் தூக்குப்போசியை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்திருந்தார். என் சந்தோஷத்தை நான் மறைக்கப் போவதில்லை. எனக்குச் சயரோகம் என்று தெரிந்த அன்று நான் சந்தோஷமாக இருந்தேன். நான் பொய் சொல்லவில்லை என்று ஒரு டாக்டர் படம் பிடித்துக் காட்டியாயிற்று.

ராசிபுரம் தாண்டியபோது மாமனார் திரும்பாமலே சொன்னார். “அப்ப புள்ள திங்கல.”

என்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். இப்போதாவது ஒப்புக்கொண்டீர்களே என்று சுருக்கென்று ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மாமியார் பதில் சொன்னார்.

“திங்கலீங்க.”

“உனக்குத் தெரியுமா?”

“நாந்தானுங்களே கூடவே கெடந்தேன். பாயை உட்டு எந்திரிக்கவே அவளுக்குத் தெம்பில்லீங்களே. தயிர் எங்கீங்க போய்த் தின்னா?”

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. மாமனார் முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவருடைய பின்கழுத்து மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

“அப்பவே ஒரு வார்த்த சொல்லீருக்கலாமல்ல” என்றார்.

“சொன்னனுங்க” என்றார் மாமியார்.